சிரிப்புக்கு லைசென்ஸா?

2025ஆம் வருஷம் செப்டம்பர் 17ஆம் தேதியன்று, அமெரிக்காவில் ஏ.பி.சி. டெலிவிஷன் கம்பெனி தனது இரவு நிகழ்ச்சி ஒன்றைத் திடீரென்று நிறுத்திவைத்தது. ஜிம்மி கிம்மல் என்ற ஹாஸ்ய நடிகர் பல வருஷங்களாக நடத்திவந்த நிகழ்ச்சி அது. சார்லி கிர்க் என்ற வலதுசாரிப் பிரசாரகர் சுட்டுக் கொல்லப்பட்டதை ஒட்டி, ஜனாதிபதி டிரம்ப்பின் ஆதரவாளர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பற்றிக் கிம்மல் சொன்ன சில வார்த்தைகளே காரணம். ஒரு கம்பெனி தன் நடிகரைத் தன் இஷ்டப்படி நிறுத்தியிருந்தால் அதைப் பற்றி நாம் எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அதே தினத்தில், ஒலிபரப்பு நிலையங்களுக்கு லைசென்ஸ் வழங்கும் சர்க்கார் கமிஷனின் தலைவர் பிரெண்டன் கார், கம்பெனிகள் தாமாகவே நடவடிக்கை எடுத்துக்கொண்டால் காரியம் சுலபமாக முடியும், இல்லையேல் கமிஷனுக்கு வேலை இருக்கும் என்ற பொருள்படப் பகிரங்கமாகப் பேசியிருந்தார். சர்க்கார் கண் காட்டியது; கம்பெனி கை கட்டியது. நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகு, ஆறு நாள் கழித்து நிகழ்ச்சி மீண்டும் தொடங்கியது. ஜனாதிபதியின் கட்சியைச் சேர்ந்த செனட்டர் டெட் குரூஸ்கூடக் கமிஷன் தலைவரின் பேச்சைக் கண்டித்தார்.

சம்பவம் முடிந்துவிட்டது, ஆனால் அது எழுப்பிய கேள்வி முடியவில்லை. ஜனநாயகத்தில் ஆளுவோரைப் பார்த்துச் சிரிப்பதற்கு யாருடைய அனுமதி வேண்டும்?

அரசியல் ஊழியர்களில் சிலருக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். 'வரி, வேலை, யுத்தம், தேர்தல் என்று எவ்வளவோ பெரிய பிரச்னைகள் இருக்க, கோமாளிகளின் கதையை ஏன் தலையங்கப் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும்?' என்று அவர்கள் கேட்கக்கூடும். தெருக்கூத்துப் பார்த்த எந்தக் கிராமவாசியும் இதற்குப் பதில் சொல்லுவான். துரியோதனன் மேடையில் வந்து தன் பெருமையை எட்டுத் திசைக்கும் முழங்குகிறான். பக்கத்தில் நிற்கும் கட்டியங்காரன் ஒரு வார்த்தை சொல்லுகிறான்; ராஜாவின் ஜம்பம் பொடிப்பொடியாகிவிடுகிறது. ராஜசபையில் மந்திரி சொல்ல அஞ்சும் உண்மையைச் சொல்லக் கட்டியங்காரனுக்கு மட்டும் உரிமை உண்டு. முடியரசில் அந்த உரிமை ஒருவனுக்கு அரசன் இடும் பிச்சை. குடியரசிலோ அது ஒவ்வொரு பிரஜைக்கும் சொந்தம். இந்த வித்தியாசத்தை உணர்ந்தவர்களுக்கு விஷயம் அற்பமாகத் தோன்றாது. அமெரிக்கச் சரித்திரமே இதற்குச் சாக்ஷி.

அந்நாட்டின் சுதந்திரப் போராட்டம் பீரங்கியோடு பிறக்கவில்லை. பரிகாசத்தோடு பிறந்தது என்றுகூடச் சொல்லலாம். 1754ல் பெஞ்சமின் பிராங்க்ளின் தமது 'பென்சில்வேனியா கெஜட்' பத்திரிகையில் எட்டுத் துண்டுகளாக வெட்டப்பட்ட ஒரு பாம்பின் படத்தைப் போட்டார். 'ஒன்றுசேருங்கள், அல்லது சாவுங்கள்' என்பது அதன் கருத்து. பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராகக் குடியேற்றங்கள் ஒன்றுபட வேண்டும் என்பதற்காக வெளிவந்த அந்தப் படம், பின்னர் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்தவர்களின் சின்னமாயிற்று. 1773ல் அவரே லண்டன் பத்திரிகை ஒன்றில், பிரஷ்யா மன்னர் பிறப்பித்த கட்டளை என்று ஒரு போலிப் பிரகடனத்தை வெளியிட்டார். இங்கிலாந்தில் ஆதியில் குடியேறியவர்கள் ஜெர்மானியர். ஆகையால் இங்கிலாந்து பிரஷ்யாவுக்கு வரி செலுத்த வேண்டும். இன்ன இன்ன கைத்தொழில்களைச் செய்யக்கூடாது - இவ்வாறு அதில் கண்டிருந்தது. அதைப் படித்த ஆங்கிலேயர் சிலர் உண்மை என்றே நம்பிக் கொதித்தெழுந்தனராம். அமெரிக்கர் மீது தாங்கள் விதித்துவந்த அதே விதிகள்தாம் அவை என்று தெரிந்தபோது அவர்களுடைய முகம் எப்படி இருந்திருக்கும்! நூறு விண்ணப்பங்கள் உணர்த்தத் தவறியதை ஒரு நையாண்டி உணர்த்திவிட்டது.

இப்படிப் பரிகாசத்தை ஆயுதமாகக் கொண்டு விடுதலை பெற்றவர்கள், தாங்கள் ஆசனத்தில் அமர்ந்தவுடன் என்ன செய்தார்கள்? 1798ல், அரசியல் சட்டம் அமலுக்கு வந்து பத்து வருஷங்கள்கூட ஆகாத நிலையில், ஜனாதிபதி ஜான் ஆடம்ஸின் கட்சி ராஜத்துவேஷச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. சர்க்காரையோ, காங்கிரஸையோ, ஜனாதிபதியையோ இழிவுபடுத்தி எழுதினால் இரண்டு வருஷம் வரையில் சிறை, இரண்டாயிரம் டாலர் வரையில் அபராதம். உபஜனாதிபதியைத் திட்டுவது மட்டும் குற்றமாக வைக்கப்படவில்லை; ஏனெனில் அந்தப் பதவியில் எதிர்க்கட்சித் தலைவரான ஜெபர்சன் இருந்தார்! சட்டத்தின் யோக்கியதையை விளக்க இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

அந்தச் சட்டத்தில் அகப்பட்ட ஒருவரின் கதை சுவையானது. ஆடம்ஸ் நியூஜெர்ஸியிலுள்ள நெவார்க் நகர் வழியாகச் சென்றபோது மரியாதைக்காகப் பீரங்கி வெடித்தார்கள். சாராயக் கடையில் இருந்த லூதர் பால்ட்வின் என்பவர், குண்டு ஜனாதிபதியின் பிருஷ்டபாகத்தில் பாய்ந்தாலும் தமக்குக் கவலையில்லை என்று போதையில் சொல்லிவைத்தார். அவ்வளவுதான்! வழக்கு, விசாரணை, அபராதம் எல்லாம் முறைப்படி நடந்தேறின. ஒரு கடையில் நாலு பேர் காதில் விழுந்து மறைந்திருக்க வேண்டிய சொல் நாடு முழுவதும் பரவியது. இருநூறு வருஷத்துக்குப் பிறகும் புஸ்தகங்களில் அது இடம் பெற்றிருக்கிறது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். வெர்மாண்ட் பிரதிநிதி மாத்யூ லயன் ஜனாதிபதியைத் தாக்கி எழுதியதற்காக நான்கு மாதம் சிறையும் ஆயிரம் டாலர் அபராதமும் பெற்றார். சிறையில் இருந்தபடியே மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1800ல் நடந்த தேர்தலில் ஆடம்ஸ் தோற்றார். 1801ல் சட்டம் காலாவதியாயிற்று. தண்டிக்கப்பட்டவர்களை ஜெபர்சன் மன்னித்தார். ராஜத்துவேஷம் என்ற சொல்லின் கசப்பு என்னவென்பதை நம் நாட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை. அந்நிய ஆட்சிக்கே உரிய ஆயுதம் அது என்று யாரும் எண்ணிவிடக்கூடாது என்பதற்காகவே இதை எடுத்துக் காட்டுகிறோம். சுயராஜ்யத்திலும் அதிகாரத்தின் தோல் மெல்லியதுதான்.

நையாண்டியின் பலம் என்ன, அதன் எல்லை என்ன என்பதை அறிய நியூயார்க்கின் ட்வீட் கதையைப் பார்க்க வேண்டும். வில்லியம் ட்வீட் என்பவர் 'டாமனி ஹால்' என்ற கட்சி ஸ்தாபனத்தின் தலைவர். நகரத்தின் கஜானாவைத் தம் வீட்டுப் பெட்டிபோல் ஆண்டவர். 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' பத்திரிகையில் தாமஸ் நாஸ்ட் என்ற சித்திரக்காரர் அவரைத் தொடர்ந்து வரைந்தார். பருத்த வயிறு, சட்டையில் மின்னும் வைரம், தலைக்குப் பதிலாக ஒரு பண மூட்டை! எழுதுவதைப் பற்றித் தமக்குக் கவலையில்லை, தம்முடைய வாக்காளர்களுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் படத்தைப் பார்க்காமல் இருக்க மாட்டார்களே என்று ட்வீட் புலம்பியதாகச் சொல்லுவார்கள். சித்திரக்காரரை ஐரோப்பாவுக்கு அனுப்பிவைக்கப் பெருந்தொகை பேரம் பேசப்பட்டது என்றும், அவர் மறுத்துவிட்டார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

ஆனால் ட்வீட்டைப் படம் மட்டும் வீழ்த்தவில்லை. இதை நம் நேயர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். 1871 ஜூலையில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை நகரசபையின் கணக்குப் புஸ்தகங்களிலிருந்து எடுத்த எண்களை வரிசையாக அச்சிட்டது. நியாயஸ்தலக் கட்டடத்தில் இரண்டு நாள் பூச்சு வேலைக்குக் காட்டப்பட்ட கூலி 1,33,187 டாலர்! கணக்கு ருசுவைக் கொடுத்தது. படம் அந்த ருசுவைப் படிக்கத் தெரியாதவன் வீட்டுக்கும் கொண்டுபோயிற்று. நவம்பர் தேர்தலில் வாக்காளர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் ட்வீட் பிழைத்திருப்பார். சிறைப்பட்ட அவர் 1875ல் தப்பி ஓடி, கியூபா வழியாக ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே 1876ல் அவரை அடையாளம் காண உதவியது நாஸ்ட் வரைந்த ஒரு கேலிச் சித்திரமே. மீண்டும் நியூயார்க் சிறைக்குக் கொண்டுவரப்பட்டு 1878ல் அங்கேயே இறந்தார். அவர் பயந்த படமே அவரைத் துரத்திப் பிடித்தது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, அதே நாஸ்டின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் நடுநிலை தவறியவர்களாவோம். ட்வீட்டை வீழ்த்திய அதே 1871ல் அவர் 'அமெரிக்க கங்கை நதி' என்று ஒரு படம் வரைந்தார். கத்தோலிக்கப் பிஷப்புகள் முதலைகளாகக் கரையேறி, அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளை விழுங்க வருகிறார்கள். அவர்களுடைய சமயக் கிரீடங்களே முதலைகளின் வாய்! ஏழைகளாய் வந்து குடியேறிய ஐரிஷ் மக்கள் மீது அன்றிருந்த துவேஷத்தை அந்தப் படம் ஊதி வளர்த்தது. அதற்குக் கங்கையின் பெயர் எதற்கு? இந்தியத் தாய்மார்கள் குழந்தைகளை முதலைகளுக்கு எறிகிறார்கள் என்று பாதிரிமார்கள் பரப்பிய கதைதான். ஆக ஒரே படத்தில் இரண்டு ஜனசமூகங்கள் இழிவுபடுத்தப்பட்டன. ஊழல் தலைவனைக் கிழித்த அதே பேனா, அகதியையும் அந்நியனையும் கிழித்தது.

இதைவிடக் கொடிய உதாரணமும் உண்டு. 1830ஐ ஒட்டிய காலத்தில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, நீக்ரோ அடிமையைப் போல் நொண்டி ஆடிப் பாடி ஜனங்களைச் சிரிக்க வைத்தார். அவர் ஏற்ற வேஷத்தின் பெயர் 'ஜிம் குரோ'. நாடெங்கும் அந்தக் கூத்து பரவியது. அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்த பின்னர், தென் ராஜ்யங்கள் கறுப்பு மக்களைப் பள்ளியிலும் ரயிலிலும் ஓட்டலிலும் ஒதுக்கிவைக்கச் செய்த சட்டங்களுக்கு அந்தக் கோமாளியின் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு ஜனசமூகத்தைப் பார்த்துச் சிரிக்கப் பழகியவர்களுக்கு, பிறகு அதை நசுக்குவது கடினமாயிருக்கவில்லை. அந்தச் சட்டங்களை ஒழிக்க 1964, 1965ஆம் வருஷச் சட்டங்கள் வரையில் போராட வேண்டியிருந்தது.

ஆகவே சிரிப்பு என்பதாலேயே அது புனிதமாகிவிடாது. அது எந்தப் பக்கம் பாய்கிறது என்பதே கேள்வி. கீழிருந்து மேலே, அதாவது ஏழையிடமிருந்து அதிகாரத்தை நோக்கிப் பாயும் சிரிப்பு விடுதலையின் துணை. மேலிருந்து கீழே பாயும் சிரிப்பு சவுக்கின் மறுபெயர். அரசியல் ஊழியர்கள் மேடையில் நின்று எதிரியைக் கேலி செய்யுமுன் இந்த ஒரு கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொண்டால், பாதிப் பேச்சுகளின் விஷம் இறங்கிவிடும்.

மேல்நோக்கிப் பாய்ந்த சிரிப்பு அமெரிக்க அரசியல் அகராதிக்கே பல சொற்களைத் தந்திருக்கிறது. 1812ல் மாசசூஸெட்ஸ் கவர்னர் எல்பிரிட்ஜ் ஜெர்ரியின் கட்சி, தனக்கு வெற்றி கிடைக்கும்படி தொகுதிகளை வளைத்து நெளித்து வகுத்தது. ஒரு தொகுதியின் வடிவம் 'சாலமாண்டர்' என்னும் பல்லி போன்ற பிராணியை ஒத்திருந்ததைக் கண்டு, அதற்குச் சிறகும் நகமும் வைத்துப் பத்திரிகையில் படம் போட்டு, 'ஜெர்ரிமாண்டர்' என்று பெயர் சூட்டினார்கள். இன்றளவும் அந்த மோசடிக்கு அதுவே பெயர். செல்வர்களின் கொள்ளை பளபளத்த ஒரு காலப்பகுதியைச் சரித்திர ஆசிரியர்கள் 'முலாம் பூசிய யுகம்' என்று அழைப்பது, 1873ல் மார்க் ட்வெயினும் சார்லஸ் வார்னரும் சேர்ந்து எழுதிய நையாண்டி நாவலின் பெயரால்தான். ஆதாரமின்றிப் பலரைக் கம்யூனிஸ்டுகள் என்று தூற்றிய செனட்டர் மக்கார்த்தியின் பெயரால் 'மக்கார்த்தியிஸம்' என்ற சொல்லை, 1950ல் 'வாஷிங்டன் போஸ்ட்' சித்திரக்காரர் ஹெர்பர்ட் பிளாக் ஒரு தார்ப் பீப்பாயின் மேல் எழுதிக் காட்டினார். ஒரு தீமைக்குச் சரியான பெயர் வைத்துவிட்டால் அதை எதிர்க்கும் வேலையில் பாதி முடிந்தது.

இந்தச் சொற்களுக்குப் பயந்த அதிகாரம் சில சமயம் தானே ஹாஸ்யம் செய்தது. 1902ல் பென்சில்வேனியா கவர்னர் பதவிக்கு நின்ற பென்னிபாக்கரை ஒரு சித்திரக்காரர் கிளியாக வரைந்தார். அவர் பதவியேற்றதும், 1903ல், மனிதரை மிருகமாகவோ பறவையாகவோ மீனாகவோ பூச்சியாகவோ வரைவது குற்றம் என்று சட்டசபையில் ஒரு மசோதா வந்தது! உடனே வேறொரு சித்திரக்காரர் அரசியல்வாதிகளை மரமாகவும், காய்கறியாகவும், பீர்க் கோப்பையாகவும் வரைந்தார். மசோதாவில் தாவரங்களைப் பற்றிப் பேச்சில்லையே! நாடே நகைத்தது. அவ்வருஷம் வேறு வடிவத்தில் ஒரு சட்டம் நிறைவேறியும், 1907ல் அது ரத்தாகிவிட்டது.

சிரிப்பு நாட்டின் மனச்சாட்சியாகவும் இருந்திருக்கிறது. 1898ல் ஸ்பெயினை வென்ற அமெரிக்கா, விடுதலை தருவதாகச் சொல்லிப் பிலிப்பைன்ஸ் தீவுகளைத் தானே விழுங்கிக்கொண்டபோது, அந்நாட்டின் மிகப் பெரிய ஹாஸ்ய எழுத்தாளரான மார்க் ட்வெயின் ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கத்தின் உபதலைவராய்ச் சேர்ந்து, 1910ல் இறக்கும் வரையில் அப்பதவியில் இருந்தார். 1901ல் அவர் எழுதிய கட்டுரையில், பிலிப்பைன்ஸுக்கென்று தனிக்கொடி வேண்டுமானால், நம் கொடியின் வெள்ளைக் கோடுகளுக்குக் கறுப்புப் பூசி, நக்ஷத்திரங்கள் இருக்கும் இடத்தில் மண்டையோட்டை வைத்தால் போதும் என்றார். சொந்த நாட்டுக் கொடியைப் பற்றி இப்படி எழுதியவரைத் தேசத்துரோகி என்று தூற்றியவர்கள் இருந்தார்கள். இன்று அவர்களுடைய பெயர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். ட்வெயினின் பெயரை உலகம் அறியும். தன் நாட்டின் குற்றத்தைக் கண்டு வெட்கப்படுகிறவனே அதை உண்மையில் நேசிக்கிறவன்.

பெரிய மனிதர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். 1862 செப்டம்பர் 22ஆம் தேதி ஆபிரகாம் லிங்கன் தம் மந்திரிகளைக் கூட்டினார். அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தை அன்று அவர் அவர்கள் முன் வைக்கவிருந்தார். அதற்கு முன்பு, ஆர்ட்டிமஸ் வார்ட் என்ற ஹாஸ்ய ஆசிரியரின் புஸ்தகத்திலிருந்து ஓர் அத்தியாயத்தைப் படித்துக் காட்டினார். உள்நாட்டு யுத்தத்தின் சுமை முழுவதும் தோளில் இருக்கையில் அவர் சிரித்தார். பொறுப்பில்லாமையால் அல்ல, அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அவ்வளவு பெரிய பொறுப்பைத் தாங்கியிருக்க முடியாது. லிங்கனைப் பத்திரிகைகள் குரங்காக வரைந்தன. அவர் அதற்கென்று சட்டம் செய்யக் கிளம்பவில்லை.

யுத்த வெறியில் நாடு தன் பழைய பாடத்தை மறந்ததும் உண்டு. முதல் உலக யுத்தத்தில் யுத்த எதிர்ப்புப் படங்களும் கட்டுரைகளும் வெளியிட்டதற்காக 'மாஸஸ்' பத்திரிகைக்காரர்கள் மீது 1918ல் இரண்டு முறை விசாரணை நடந்தது. நீண்ட சிறைவாசம் காத்திருந்த அந்தக் கோர்ட்டில், சித்திரக்காரர் ஆர்ட் யங் தூங்கிப் போனார். எழுந்ததும் தாம் தூங்கியதையே படமாக வரைந்தார்! இரண்டு முறையும் ஜூரிகள் ஒருமனப்படவில்லை, வழக்கு தோற்றது. ஆனால் அதற்குள் பத்திரிகையே நின்றுபோய்விட்டது. இந்தக் கடைசி வாக்கியத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கில் வென்றும் பத்திரிகை செத்தது.

சட்டத்தைப் பொறுத்த வரையில் இன்று அமெரிக்க நையாண்டிக்காரனுக்கு உள்ள பாதுகாப்பு மிகப் பலமானது. 1988ல், ஜெர்ரி பால்வெல் என்ற பிரபல பாதிரியாரை ஓர் ஆபாசப் பத்திரிகை அருவருப்பான முறையில் கேலி செய்த வழக்கில், சுப்ரீம் கோர்ட் ஏகமனதாகப் பத்திரிகையின் பக்கம் தீர்ப்பளித்தது. கேலியின் தரத்தைப் பாராட்டி அல்ல. பொது வாழ்வில் உள்ளவர்களின் மனம் புண்பட்டது என்பதற்காகக் கேலியைத் தண்டிக்கத் தொடங்கினால், நாஸ்ட் போன்றவர்களின் படங்களும் தப்பாது என்பதே பிரதம நீதிபதி ரென்க்விஸ்ட் காட்டிய காரணம். அவர் பழமைப் பற்றுள்ளவர் என்று பெயர் பெற்றவர்.

அப்படியிருக்க, இன்று ஆபத்து எங்கிருந்து வருகிறது? சிறைச்சாலையிலிருந்து வரவில்லை, கம்பெனிகளின் கணக்கறையிலிருந்து வருகிறது. பத்திரிகை நடத்த அமெரிக்காவில் லைசென்ஸ் வேண்டாம். ஆனால் ஆகாய அலைகள் பொதுச் சொத்து என்ற காரணத்தால், ரேடியோ, டெலிவிஷன் நிலையங்களுக்கு மத்திய தகவல் தொடர்புக் கமிஷனின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் கைமாறும் கம்பெனி இணைப்புகளுக்கும் அதன் சம்மதம் வேண்டும். நிகழ்ச்சியில் பேசப்படும் கருத்தைத் தணிக்கை செய்யும் அதிகாரம் கமிஷனுக்குச் சட்டப்படி கிடையாது. ஆனால் கோடிக்கணக்கான டாலர் இணைப்பு மனுவைக் கையில் வைத்துக்கொண்டு கமிஷனின் வாசலில் நிற்கும் முதலாளிக்கு உத்தரவு எதற்கு? ஒரு பெருமூச்சுப் போதும். கிம்மல் நிகழ்ச்சியை முதலில் ஒதுக்கிய நிலையக் கம்பெனியான நெக்ஸ்டார், அந்தச் சமயத்தில் ஒரு பெரிய இணைப்புக்கு அனுமதி கோரி நின்றது.

அதே 2025 ஜூலையில் நடந்ததும் கவனிக்கத்தக்கது. சி.பி.எஸ். கம்பெனியை உடைய பாரமவுண்ட் ஸ்தாபனம், ஜனாதிபதி டிரம்ப் தொடுத்த வழக்கை முடித்துக்கொள்ள 1 கோடியே 60 லக்ஷம் டாலர் கொடுக்க இசைந்தது. சி.பி.எஸ். ஹாஸ்ய நடிகர் ஸ்டீபன் கோல்பேர் அதை லஞ்சம் என்று மேடையிலேயே சொன்னார். சில தினங்களில், அவருடைய நிகழ்ச்சி 2026 மே மாதத்தோடு முடிவடையும் என்று கம்பெனி அறிவித்தது. அதே மாதம் பாரமவுண்ட் இணைப்புக்குக் கமிஷன் அனுமதி அளித்தது. பண நஷ்டமே காரணம் என்று கம்பெனி கூறியது. இருக்கலாம், இரவு நிகழ்ச்சிகளின் வருமானம் குறைந்துவந்தது மெய்யே. ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நடந்துகொள்ள வேண்டிய கடமை சர்க்காருக்கும் உண்டு, கம்பெனிக்கும் உண்டு. இருவரும் அதில் தவறினார்கள் என்பதே நம் அபிப்பிராயம்.

அச்சுப் பத்திரிகைகளின் நிலையும் மெச்சத்தக்கதாக இல்லை. 2019ல் 'நியூயார்க் டைம்ஸ்' தன் சர்வதேசப் பதிப்பில் ஒரு யூத விரோதப் படம் வெளிவந்ததால் எழுந்த கண்டனத்தைத் தொடர்ந்து, அரசியல் கேலிச் சித்திரங்களையே அந்தப் பதிப்பிலிருந்து நிறுத்திவிட்டது. ஒரு படம் தவறு என்பதற்காக எல்லாப் படங்களையும் ஒழிப்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும். 2025 ஜனவரியில், 'வாஷிங்டன் போஸ்ட்' சித்திரக்காரர் ஆன் டெல்னேஸ் ராஜினாமாச் செய்தார். பத்திரிகையின் சொந்தக்காரர் ஜெப் பெஸோஸ் உட்படச் சில பெருஞ்செல்வர்கள் டிரம்ப் சிலையின் முன் மண்டியிடுவதாக அவர் வரைந்த படம் நிராகரிக்கப்பட்டதே காரணம். அவ்வருஷம் புலிட்சர் பரிசு அவருக்குக் கிடைத்தது. வெள்ளை மாளிகை நிருபர்கள் சங்கத்தின் வருடாந்தர விருந்தில் ஜனாதிபதியை முகத்துக்கு நேராகக் கேலி செய்வது நெடுநாளைய வழக்கம். 2006ல் ஜனாதிபதி புஷ் சில அடி தூரத்தில் அமர்ந்திருக்க, இதே கோல்பேர் அவரைக் கிழித்தெடுத்தார். டிரம்ப் தம் முதற் பதவிக்காலத்தில் 2017, 2018, 2019 விருந்துகளுக்குப் போகவில்லை. 2025 விருந்துக்கு அழைத்திருந்த ஹாஸ்ய நடிகையைச் சங்கமே வேண்டாமென்று விலக்கிவிட்டது. ஜனாதிபதி வராதது அவருடைய இஷ்டம். நிருபர்கள் தாங்களாகவே வாயைக் கட்டிக்கொண்டதுதான் வருந்தத்தக்கது.

நையாண்டிக்காரர்கள் எல்லாரும் மகாத்மாக்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. இன்றைய அமெரிக்க ஹாஸ்ய மேடை பெரும்பாலும் ஒரே கட்சியை நோக்கி அம்பு எய்கிறது என்று மறுதரப்பார் சொல்லும் குறையில் உண்மை இல்லாமல் இல்லை. இரவு சிரித்துவிட்டுக் காலையில் ஒன்றும் செய்யாமல் இருப்பவர்களுக்கு, சிரிப்பே போராட்டம் என்ற மயக்கமும் ஏற்படுகிறது. ஆனால் சிரிப்பைச் செயலோடு இணைத்தவர்களும் இருக்கிறார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலின்போது நியூயார்க்கில் மீட்பு வேலை செய்து நோயுற்றவர்களின் வைத்தியச் செலவுக்கான மசோதா 2010 டிசம்பரில் செனட்டில் தேங்கிக் கிடந்தது. ஹாஸ்ய நடிகர் ஜான் ஸ்டூவர்ட் தம் நிகழ்ச்சியில் அத்தொழிலாளிகளில் நால்வரை உட்கார வைத்துப் பேசச் செய்தார். அன்று கேலி குறைவு, வெட்கம் அதிகம். சில தினங்களில் மசோதா நிறைவேறியது. 2019ல் அவரே காங்கிரஸ் கமிட்டி முன் சாக்ஷி சொல்லி, நஷ்டஈட்டு நிதி நீடிக்க உதவினார். நாஸ்ட் காலத்துப் பாடம் இங்கும் அதுவே: ருசுவும் சிரிப்பும் செயலும் ஒன்றுசேர வேண்டும்.

அமெரிக்காவுக்கு உபதேசம் செய்யுமுன் நம் வீட்டையும் பார்த்துக்கொள்வது நலம். 1987ல் 'ஆனந்த விகடன்' அட்டைப்படத்தில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக, தமிழ்நாடு சட்டசபை அதன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. கண்டனம் எழவே சில நாட்களில் விடுதலை செய்தது. 2025 பிப்ரவரியில், அமெரிக்கா நம் நாட்டவரை விலங்கிட்டு விமானத்தில் திருப்பியனுப்பிய சமயம், டிரம்ப் பக்கத்தில் நமது பிரதம மந்திரி விலங்குடன் அமர்ந்திருப்பதாக அதே ஸ்தாபனம் ஒரு படம் வெளியிட்டது. அதன் இணையதளமே முடக்கப்பட்டது. மார்ச் மாதத்தில் சென்னை ஹைகோர்ட், அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்கும்படி உத்தரவிட்டது. ஒரு படத்துக்காக ஒரு பத்திரிகையின் வாசலையே அடைத்தவர்களுக்கும், தாவரமாக வரைந்தால் என்ன செய்வதென்று விழித்த பென்சில்வேனியாக்காரர்களுக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

இடித்துரைப்பார் இல்லாத அரசனின் கதியை வள்ளுவர் அன்றே எச்சரித்தார். சிரித்துரைப்பாரை இழந்த சர்க்காரின் கதியும் அதுவே. பரிகாசத்துக்கு அஞ்சும் ஆட்சி உண்மையில் அஞ்சுவது பரிகாசத்தில் உள்ள உண்மைக்கே. பொய்யான கேலி தானே உதிர்ந்துவிடும். கிம்மல் நிகழ்ச்சி ஆறு நாளில் திரும்பி வந்ததற்கு நியாயஸ்தலம் காரணமல்ல. எந்த வழக்கும் தீர்ப்பாகவில்லை. ஜனங்கள் கூச்சலிட்டார்கள், சந்தாவை நிறுத்தினார்கள், எதிரிக் கட்சியில் இருந்த நேர்மையாளரும் வாய் திறந்தார்கள். அரசியல் சட்டத்தில் எழுதிய உரிமை, அதைக் கேட்டு வாங்க ஆட்கள் உள்ள வரையில்தான் உரிமை. தனக்குப் பிடிக்காத கேலிக்கும் பாதுகாப்புக் கேட்கிற ஊழியனே அந்த உரிமையின் காவலன். தன் தலைவனைப் பார்த்து எவனாவது சிரித்தால் கல்லெடுக்கிற ஊழியன், நாளைக்குத் தன் வாயில் விழப்போகும் பூட்டுக்கு இன்றே சாவி செய்துகொடுக்கிறான்.